யாழ்ப்பாணத்தில் கிற்றார் கடைக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிற்றார் பழக வருகிற பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிற பெற்றோரும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கடை நல்லது என்று பெயர் சொல்லப் போவதில்லை. கருவியில் அக்கறையுள்ள ஒருவர் இன்றைக்கு நிற்கிற கடையில் அடுத்த வருடம் வேறொருவர் நிற்பார். சுவரில் தொங்குவதைப் பார்த்து நீங்களே கணக்குப் போடப் பழகிக்கொண்டால் எந்தக் கடைக்கும் துணிந்து போகலாம்.

யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாமா, கொழும்புக்குப் போக வேண்டுமா?

முதல் கிற்றார் என்றால் இங்கேயே வாங்குங்கள். கொழும்பில் தெரிவு கூட, அதில் சந்தேகமில்லை. ஆனால் 400 கிலோமீற்றர் தள்ளி வாங்கிய கருவியில் மழைக்காலம் தொடங்க ஒரு கோளாறு தெரிந்தால், அதைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் இரவு பஸ் ஏற யாருக்கு மனம் வரும்?

இங்கே கிற்றாருக்குப் பெரும்பாலும் இசைக்கருவிக் கடையில் ஒரு சுவர்தான் கிடைக்கும். மற்றப் பக்கம் வயலின், மிருதங்கம், ஹார்மோனியம், சுருதிப் பெட்டி. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் அந்தக் கடைகளின் நிரந்தர வாடிக்கை. வருடத் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நெருங்கினால் பாண்ட் மேளங்களுக்கு அலைமோதும். உரும்பிராயின் நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பொப்பிசை பாடத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் கடைக்கணக்கில் கிற்றார் இன்னும் அந்த ஒரு சுவரைத் தாண்டவில்லை. அந்தச் சுவரை யார் பார்த்துக்கொள்கிறார் என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது.

கடைக்குள் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

நீங்கள் வாங்க வந்த கிற்றாரை அல்ல. யாரும் வாங்காமல் மூலையில் தொங்குகிறதே, அதைப் பாருங்கள். விற்றுப்போகும் கருவிக்கு எந்தக் கடையும் தூசி தட்டும். விற்காத கருவியின் நிலைதான் அந்தக் கடையின் பழக்கத்தைச் சொல்லும்.

கம்பிகளின் நிறத்தைப் பாருங்கள். வெண்கலம் சுற்றிய தடித்த கம்பிகள் புதிதில் பொன்னிறமாக இருக்கும். கறுத்துத் திட்டுத் திட்டாக இருந்தால் நெடுநாள் யாரும் தொடவில்லை. முதல் இரண்டு மெல்லிய கம்பிகளின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் துரு. ஃபிரெட்டுகளின் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டிகள்) ஓரத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வட்டத் துளைக்குள் மூக்கை வைத்து மணந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புளித்த மணம் வந்தால் உள்ளே பூஞ்சணம் இருக்கலாம்.

பிறகு தொங்குகிற இடம். மேற்குப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில், பின்னேர வெயில் நேரே விழுகிற இடத்தில் மாட்டியிருந்தால் அது கருவிக்கான இடமில்லை. நிலத்தில் சீமெந்தோடு ஒட்டி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தாலும் அப்படித்தான்: ஈரமும் ஏறும், கறையானும் ஏறும்.

இவ்வளவும் கண்ணால் பார்ப்பது. அடுத்தது ஒரு கேள்வி: "அண்ணை, இதை ஒருக்கா ரியூன் பண்ணித் தருவியளோ?" அவர் முகம் சுளிக்காமல் எடுத்து, ரியூனரை (சுருதி காட்டும் கருவி) கிற்றாரின் தலையில் கொளுவி, ஆறு கம்பியையும் சரிசெய்து தந்தால் அந்தக் கடையில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். "அதை வீட்டை போய்ச் செய்யலாம் தம்பி" என்றால் விற்ற பிறகு எப்படிக் கவனிப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கடையில் இருக்கும் கிற்றார்கள் ஏன் எப்போதும் சுருதி விலகியே இருக்கின்றன?

புதுக் கம்பி இழுபடும். மாட்டிய முதல் சில நாட்கள் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். வெப்பம் ஏறி இறங்கினாலும் சுருதி நகரும். ஆகவே காலையில் சரிசெய்தது பின்னேரம் கொஞ்சம் விலகியிருந்தால் அது குற்றமில்லை. ஆனால் கம்பி தொளதொளவென்று தொங்கினால் யாரும் கவனிக்கவில்லை, அல்லது வேண்டுமென்றே தளர்த்திவிட்டிருக்கிறார்கள். கழுத்து வளையாமல் இருக்கவே தளர்த்தி வைக்கிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். பாதி நியாயம். பயணத்துக்குத் தளர்த்துவது சரி. மாதக்கணக்காகத் தளர்த்தியே வைத்தால், உள்ளே ட்ரஸ் றொட் (கழுத்தின் வளைவைத் திருத்துகிற இரும்புக் கோல்) இறுக்கப்பட்டிருக்கிற கழுத்து பின்பக்கமாக வளைய இடமுண்டு. சாதாரண சுருதியின் இழுவையைத் தாங்கத்தான் அந்தக் கழுத்தைச் செய்திருக்கிறார்கள்.

கடைக்காரர்களை ரொம்பக் குறை சொல்கிறீர்களோ?

அவர்கள் பக்கமும் கதை இருக்கிறது. 2022 இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது. கம்பி, ரியூனர், கருவி எல்லாம் இறக்குமதி. விற்குமோ விற்காதோ தெரியாத கிற்றாருக்குப் புதுக் கம்பி போடச் சொன்னால் அந்தக் காசை எந்தக் கணக்கில் எழுதுவது? கடையில் நிற்கிற தம்பிக்குக் கிற்றார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டுமென்றும் இல்லை. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் துணியால் துடைப்பதற்குக் காசு வேண்டாம். வெயில் படாத சுவருக்கு மாற்றவும் காசு வேண்டாம். அதே கடையில் வயலினைப் பாருங்கள்: குதிரை நேராக நிற்கும், வில் தளர்த்தியிருக்கும், பெட்டிக்குள் பட்டுத்துணி மூடியிருக்கும். வயலின் வாங்க வருகிறவரோடு குரு வருவார், குறை கண்டுபிடிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். கிற்றார் வாங்க வருகிறவர் நிறத்தைத்தான் பார்க்கிறார்.

யாழ்ப்பாணத்துக் காற்று கிற்றாருக்கு அவ்வளவு கெட்டதா?

கெட்டது என்பதைவிட, கிற்றார் செய்கிற நாடுகளில் நினைத்துப் பார்க்காத காற்று எனலாம். மரக் கிற்றாருக்கு 45 முதல் 55 வீதம் வரையான ஈரப்பதன் நல்லது என்று செய்கிறவர்கள் சொல்வார்கள். இங்கே சாதாரண நாளிலேயே 70ஐத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை தொடங்கினால் 80, 90 என்று போகும். மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். மெல்லிய மேற்பலகை பிரிட்ஜுக்குப் (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கிற கட்டை) பின்னால் வயிறு தள்ளும், பிரிட்ஜ் மேலே எழும், அதோடு கம்பியும் உயரும். வைகாசியில் சுகமாக வாசித்த கருவியில் மார்கழியில் விரல் நோகிறது என்று பிள்ளை சொன்னால் பிள்ளை சோம்பேறி என்று முடிவுகட்டாதீர்கள்.

அடுத்தது உப்பு. குடாநாட்டில் எந்த ஊரிலிருந்தும் கடலோ களப்போ தொலைவில்லை. குருநகரிலும் பாசையூரிலும் காற்றே உப்பு. அந்த ஈர உப்பு கம்பியில் படிந்து, விரல் வியர்வையும் சேர்ந்தால் கெதியில் துருப்பிடிக்கும். ரியூனிங் கீயின் (கம்பியை முறுக்குகிற திருகு) பற்சக்கரம், மின் கிற்றாரின் ஜாக் (வயர் செருகுகிற இடம்), பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்னாக்குகிற பகுதி) திருகாணி எல்லாமே இதற்கு ஆளாகும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் ஈரம் குறைவென்றாலும் புழுதி கூட. எண்ணெய் போட்ட பற்சக்கரத்தில் புழுதி ஒட்டினால் கீ கரகரவென்று திரும்பும்.

ஏசி போட்ட கடை நல்லதா என்றும் கேட்கிறார்கள். பகல் முழுக்கக் குளிரும் உலர்வும், இரவில் பூட்டிய கடையின் புழுக்கம். இந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தைவிட, காற்றோட்டமுள்ள, வெயில் படாத, ஏசி இல்லாத கடையே மரத்துக்கு மேல் என்பது என் எண்ணம்.

இதனால்தான் முதல் கிற்றாருக்கு ஒட்டுப்பலகை மேற்பலகையே போதும் என்கிறேன். ஒரே மரத்தில் அறுத்த மேற்பலகையின் ஒலி நன்றாக இருக்கும், உண்மை. ஆனால் அது ஈரத்துக்கு அதிகம் அசையும். ஒட்டுப்பலகையில் இழைகள் குறுக்கு மறுக்காக இருப்பதால் அசைவு குறைவு.

"பெட்டி உடைக்காத புதுசு" கேட்டு வாங்கலாமா?

எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு இது பெரிய விஷயம். ஃபிரிட்ஜ், மிக்ஸி வாங்குவதுபோல ஒட்டுநாடா அவிழ்க்காத பெட்டி வேண்டும். சுவரில் தொங்கியது "ஆக்கள் பாவிச்சது". கிற்றாருக்கு இது தலைகீழ்.

ஒட்டிய பெட்டிக்குள் இருப்பது தொழிற்சாலையிலிருந்து கப்பல் கொள்கலனில் வெந்து, துறைமுகத்தில் கிடந்து, லொறியில் குலுங்கி வந்த ஒரு கருவி. இங்கே வந்தபிறகு அதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. மலிவுக் கிற்றார்களைத் தொழிற்சாலையில் கம்பி கொஞ்சம் உயரமாகவே விட்டு அனுப்புவார்கள். உயரமாக இருந்தால் இறக்கலாம். தாழ்வாக இருந்தால் கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும், வாங்குகிறவர் பழுது என்று திருப்பிவிடுவார். ஆகவே பெட்டியில் வருவது இன்னும் வேலை முடியாத கருவி.

சுவரில் ஆறு மாதம் தொங்கி, இங்கத்தைய மழையையும் வெயிலையும் கண்டு, கழுத்து நேராக நிற்கிற கிற்றாரே என் கையில் தந்தால் நான் எடுப்பது. புதுக் கம்பி ஒரு செட் போட்டுத் தரச் சொல்லுங்கள், விலையிலும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், கடையிலேயே பிரித்து, கீழே சொல்வதையெல்லாம் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பொலித்தீன் உறையோடு சுவரில் மாட்டியிருப்பதையும் நம்ப வேண்டாம். தூசி படாது, சரி. உள்ளே அடைபட்ட ஈரமும் போகாது.

வாசிக்கத் தெரியாத நான் எப்படிச் சோதிப்பது?

வாசிக்கத் தேவையில்லை. ஒரு சிறிய இரும்பு அடிமட்டம் கொண்டுபோங்கள்; ஹார்ட்வெயர் கடையில் கிடைக்கும், அரை மில்லிமீற்றர் கோடு போட்டது. கொம்பாஸ் பெட்டி அடிமட்டம் சரிவராது, அதில் பூச்சியம் விளிம்பிலிருந்து தொடங்காது. ஒரு விசிட்டிங் கார்ட், ஒரு துண்டுக் காகிதம், ஃபோனில் ரியூனர் செயலி. இவ்வளவுதான் ஆயுதம்.

முதலில் சுருதி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற அளவுகளுக்கு அர்த்தமில்லை. அதன் பின், தலைப்பக்கமிருந்து எண்ணிப் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் அடிமட்டத்தை நிறுத்தி, கம்பியின் அடிப்பக்கம் வரை உள்ள இடைவெளியை அளவுங்கள். இரும்புக் கம்பி போட்ட சாதாரண கிற்றாருக்குத் தடித்த ஆறாம் கம்பியில் ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர், மெல்லிய முதலாம் கம்பியில் 1.8 அளவில் இருந்தால் நல்லது. மூன்றரைக்கு மேல் போனால், அவர்கள் இறக்கித் தந்தால் ஒழிய வாங்காதீர்கள். நைலோன் கம்பி போட்ட கிளாசிக்கல் கிற்றாருக்கு 4, 3 என்பது வழக்கமான அளவு. மின் கிற்றார் 2க்குக் கீழே இருக்கலாம்.

கழுத்தின் வளைவைப் பார்க்க, ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் பதினான்காம் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கூட வந்தவர் கை கொடுக்கலாம். ஏழாம் ஃபிரெட்டுக்கு மேலே விசிட்டிங் கார்ட் அளவு இடைவெளி, அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. இரண்டு மூன்று கார்ட் போகிறதென்றால் முன்னால். இரண்டுக்கும் பெரும்பாலும் அலன் கீயால் ட்ரஸ் றொட்டைத் திருப்பினால் போதும், கால் சுற்றுக் கால் சுற்றாக. முறுக்கிக்கொண்ட கழுத்துக்கு மட்டும் அந்த வைத்தியம் பலிக்காது. தலைப்பக்கம் இருந்து கண்ணை ஒட்டிப் பார்த்தால் முறுக்கல் தெரியும்.

காகிதத் துண்டை பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே தள்ளிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விடத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கிற்றாரைச் சத்தமில்லாமல் திருப்பி மாட்டிவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு கம்பியையும் முதல் ஃபிரெட்டிலிருந்து கடைசி வரை அழுத்தித் தட்டிக்கொண்டு போங்கள். சுரம் எதுவென்று தெரியத் தேவையில்லை. இரைகிறதா, செத்த ஒலி வருகிறதா என்பது யாருக்கும் கேட்கும். ஒரே இடத்தில் எல்லாக் கம்பியும் இரைந்தால் பெரும்பாலும் அதற்கு அடுத்த ஃபிரெட் எழும்பியிருக்கிறது. கடைசியாக, பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு ஒலி வரும். அதையும் அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டுவதையும் ரியூனரில் ஒப்பிடுங்கள். புதுக் கம்பியிலும் ஊசி இரண்டுக்கும் நன்றாக வேறு இடத்தில் நின்றால், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் கழுத்தின் மேற்பகுதியில் அந்தக் கிற்றார் பொய்தான் பேசும்.

கம்பி உயரமாக இருக்கிறது என்றால் "பழகப் பழகச் சரிவரும் தம்பி" என்கிறார்களே?

விரல் நுனி காய்த்துப்போகும், அது சரிவரும். கம்பியின் உயரம் தானாக இறங்காது. பழக வந்த பிள்ளைகள் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டுப் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. எஃப் கோர்ட் (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற சுரக்கூட்டு) பிடிக்க வராமல் அழுத பிள்ளைக்கு நல்லபடி இறக்கிய கிற்றாரைக் கொடுத்தால் அன்றைக்கே பிடிக்கும்.

கேட்கிற முறையில் கேளுங்கள். "செட்டப்" (கம்பி உயரம், கழுத்து எல்லாம் சரிசெய்வது) என்று மொட்டையாகச் சொன்னால் சிரிப்பார்கள், அல்லது கம்பியை முறுக்கித் தந்துவிட்டுச் செட்டப் முடிந்தது என்பார்கள். "அண்ணை, பன்னிரண்டாம் ஃபிரெட்டிலை மூன்றரை மில்லிமீற்றர் கிடக்கு, சடிலைத் தேய்ச்சு இரண்டரைக்கு இறக்கித் தாங்கோ" என்று சொல்லுங்கள். சடில் என்பது பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்குகிற மெல்லிய துண்டு. பன்னிரண்டாம் ஃபிரெட் கம்பியின் நடுவில் இருப்பதால் அங்கே ஒரு மில்லிமீற்றர் இறக்க, சடிலில் இரண்டு மில்லிமீற்றர் குறைக்க வேண்டும். சடிலின் அடிப்பக்கத்தைச் சமதளத்தில் வைத்த மண் கடதாசியில் நேராகத் தேய்க்கிற வேலை. மேல்பக்கத்தில் கை வைக்கக் கூடாது. அளவு தெரிந்து கேட்கிறவரைக் கடைக்காரர் வேறுமாதிரி நடத்துவார், இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கடையில் முடியாது என்றால் திருத்த யாரிடம் போவது?

மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றவும் தவிலுக்கு வார் பிடிக்கவும் ஆள் இருக்கிற ஊர் இது. கருவி திருத்துகிற கைக்குப் பஞ்சமில்லை. தேவாலயத்தில் அல்லது இசைக்குழுவில் நெடுநாள் வாசிக்கிறவர்களை விசாரியுங்கள், அவர்களுக்கு ஆள் தெரிந்திருக்கும். நல்ல தச்சரிடம் கொடுக்கலாமா என்றால் உடைந்த தலையை ஒட்டக் கொடுக்கலாம், ஃபிரெட் வேலைக்குக் கொடுக்க வேண்டாம். மலிவான கிற்றாருக்கு ஃபிரெட் முழுவதையும் மாற்றுகிற செலவு கிற்றாரின் விலையைத் தாண்டிவிடும்.

நைலோன் கிற்றாரில் இரும்புக் கம்பி மாட்டித் தந்தார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது, உடனே கழற்றுங்கள். நைலோன் கம்பி ஆறும் சேர்ந்து இழுக்கிற இழுவை சுமார் 40 கிலோ. இரும்புக் கம்பி ஒரு செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். கிளாசிக்கல் கிற்றாரின் கழுத்துக்குள் பெரும்பாலும் ட்ரஸ் றொட்டும் இல்லை. பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும், இல்லாவிட்டால் கழுத்து வளையும். இதை விற்கிறவரே செய்து தந்தால் அந்தக் கடையில் பிக் (கம்பியை மீட்டுகிற சின்னத் துண்டு) மட்டும் வாங்குங்கள்.

மின் கிற்றாரில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

அம்ப்பில் (ஒலிபெருக்கியில்) பொருத்தாமல் வாங்காதீர்கள். ஒலி, தொனிக் குமிழ்களை முழுக்கத் திருப்பும்போது கரகரப்புக் கேட்டால் உள்ளே களிம்பு; தொடுமுனை துடைக்கிற ஸ்பிரே அடித்தால் பெரும்பாலும் போய்விடும், விலை பேச அது ஒரு பிடி. ஜாக்கைப் பொருத்திவிட்டு வயரை மெல்ல ஆட்டுங்கள், ஒலி விட்டு விட்டு வரக் கூடாது. பிக்கப் பொருத்திய மரக் கிற்றார் என்றால் பற்றரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடையில் போட்ட 9 வோல்ட் பற்றரி ஒழுகித் தகட்டை அரித்திருப்பது அடிக்கடி காண்கிற காட்சி.

கம்பியில் கை வைத்தபடி மைக்கைத் தொடும்போது சுரீரென்றால் எர்த் சரியில்லை. கடையின் வயரிங்கிலா, அம்ப்பிலா என்று தெரியும்வரை வாசிப்பதை நிறுத்துங்கள். விளையாட்டில்லை.

கனடாவிலிருந்து மாமா கிற்றாரும் அம்ப்பும் கொண்டுவருகிறார். கடையில் காட்ட வேண்டுமா?

அம்ப்பைப் பற்றி முதலில். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அப்படியே செருகினால் புகைதான். பின்பக்கத்தில் வோல்ட் மாற்றுகிற ஆளி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அதை வாங்கும்போது அம்ப்பின் ஒலி வாட்ஸை அல்ல, பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கிற மின் நுகர்வைப் பாருங்கள், அதைவிடக் கூடியதாக எடுங்கள். லண்டன், பாரிஸிலிருந்து வருவதற்கு இந்தப் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும் மாறலாம்.

கிற்றார் வந்ததும் பெட்டியைத் திறந்து உடனே முறுக்க வேண்டாம். பனிக்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் ஈரப்பதன் 20, 30க்கு இறங்கும். அங்கே உலர்ந்த மரம் இங்கே 80க்கு வருகிறது. மூடிய பெட்டியில் ஒரு நாள் விட்டு, கம்பி தளர்ந்தபடியே வெளியே எடுத்து, மெதுவாகச் சுருதிக்கு ஏற்றுங்கள். இரண்டு மூன்று கிழமையில் உயரம் மாறியிருக்கும். ட்ரஸ் றொட்டைத் தொடுவது அதற்குப் பிறகு.

கடையில் எவ்வளவு நேரம் எடுத்து வாசிக்கலாம்?

கேட்டு எடுத்தால் பதினைந்து நிமிடம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சைக்கிளில் வந்த வியர்வைக் கையோடு எடுக்காதீர்கள், பெல்ட் கொக்கி பின்பலகையைக் கீறும், பாடசாலை விட்ட நேரம் நண்பர்கள் ஏழெட்டுப் பேராய்ப் போய் ஆளுக்கொன்று எடுத்து அடிக்காதீர்கள். கடைகள் கிற்றாரைப் பூட்டி வைக்கத் தொடங்குவதற்கு நாங்களும் காரணம்.

வாங்கிக் கொண்டுவந்த பிறகு?

வாசித்து முடிந்ததும் கம்பிகளை உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை கம்பி மாற்ற வேண்டியிருக்கும். மழை பெய்கிற சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள், உள் அறைச் சுவரில் மாட்டுங்கள். உறைக்குள் வைப்பதென்றால் சிலிக்கா ஜெல் பைகள் நாலைந்து போடலாம், அவற்றையும் இடைக்கிடை காயவைக்க வேண்டும். வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் ஒருபோதும் விடாதீர்கள், அந்தச் சூட்டில் பிரிட்ஜ் பசை இளகும்.

முதல் மாரி முடிந்து, தை பிறந்ததும் அதே அடிமட்டத்தை எடுத்து அளந்து பாருங்கள். வாங்கிய நாளில் எழுதிவைத்த அளவைவிட அரை மில்லிமீற்றருக்கு மேல் மாறியிருந்தால் கடைக்கே கொண்டுபோங்கள். பில்லையும் கொண்டுபோங்கள்.